அம்மாவின் சேலையில் ஒரு குளிர்கோட்டு

மேற்படிப்புக்கு இங்கிலாந்து புறப்படும் பிள்ளைக்குக் கோட்டு வேண்டும். செராஸ் வெயிலில் நமக்கு அது பழக்கமில்லாத உடைதான். ஆனால், வீட்டில் தையல் இயந்திரம் இருந்தால் கம்பளித் துணியில் நாமே தைத்து, காலர், கைமுனை, பாக்கெட் மூடிக்கு மட்டும் அம்மாவின் பழைய சேலையை வைக்கலாம்.

துணிக்கு அலைய வேண்டாம். செராஸ் எல்ஆர்டியில் ஏறி மஸ்ஜிட் ஜாமெக்கில் இறங்கினால் துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலைத் துணிக்கடைகளுக்கு நடந்தே போகலாம்.

இப்படித் தைக்கும் கோட்டு பெரும்பாலும் சாயத்தால்தான் கெடுகிறது. அரக்குச் சேலையின் நிறம் வெளிர் கம்பளியில் இறங்கினால் எளிதில் போகாது. ஈர வெள்ளைத் துணியைச் சேலையின் ஓரத்தில் வைத்து இஸ்திரி போட்டுப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அந்தச் சேலை கறுப்புக் கோட்டுக்குத்தான் ஆகும். பருத்திச் சேலையென்றால் வெட்டுமுன் துவைத்துச் சுருங்கவிட வேண்டும். கம்பளிக்கு ஈரத்துணி விரித்து இஸ்திரியில் ஆவி காட்டினால் போதும். பட்டு வைத்த கோட்டை வீட்டில் துவைக்காமல் டோபிக் கடையில் டிரை கிளீனிங் கொடுங்கள்.

பழைய பட்டு, மடிப்பு விழுந்த இடங்களில் இற்றுப்போயிருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அந்த இடங்களை ஒதுக்குங்கள். மற்றதன் பின்புறம் ஒட்டு கேன்வாஸ் வைத்து, மேலே துணி போட்டு, மிதமான சூட்டில் தேய்த்தால் சரிகை கருகாது.

காலரின் மேல்பக்கம் மட்டும் சேலையாக இருக்கட்டும். அடிப்பக்கத்தைக் கோட்டுத் துணியில் 3 மில்லிமீட்டர் சிறிதாக வெட்டினால் தையல் உள்ளே மடியும். ஓரத்துக்குப் பைப்பிங் வைப்பவர்கள் துணியை 45 பாகையில் கிராஸாக வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் வளைவில் சுருக்கம் விழும்.

கத்தரிக்கோல் எடுக்குமுன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கல்யாணச் சேலை என்றால் முந்தானையை விட்டுவைத்து, உள்ளே சொருகும் பக்கத்தில் வெட்டுங்கள்.