விலைக்கு வந்த வீடு

வீடு வாங்குகிற உத்தேசம் ஏதாவது இருக்கிறதா உங்களுக்கு? இருந்தால் கேளுங்கள். நாலு கட்டு வீடு. நடுவே வானம் தெரிகிற முற்றம். வாசலில் பூட்ஸைக் கழற்றி வைக்கிற இடத்திலிருந்து பத்தடி நடந்தால் படித்துறை; படித்துறைக்குக் கீழே ஆறு. காலைத் தண்ணீரில் விட்டால் மீன் குஞ்சுகள் வந்து விரலைக் கவ்விப் பார்க்கும். ஜன்னலைத் திறந்தால் ஜிலுஜிலுவென்று காற்று... இல்லை, பொய் சொல்லக் கூடாது. ஜன்னல்கள் சின்னஞ்சிறியவை. உள் அறைகளில் பட்டப்பகலில் கூட விளக்கு வேண்டும்.

நான் வீட்டுத் தரகன் அல்ல, வாசகர்களே! கமிஷனும் எனக்குக் கிடையாது. சென்னையில் எனக்குத் தெரிந்த மலையாள நண்பர் ஒருவர் இந்த வீட்டுக்குப் பங்காளி. (பங்காளி என்று சொன்னது தப்பு. நம் ஊரில் பங்காளி என்றால் தகப்பன் வழி. இங்கே பங்கு முழுவதும் தாய் வழி.) அவர்தான், "வீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு வா. இன்னும் கொஞ்ச நாளில் பார்க்கக் கிடைக்காது" என்று அனுப்பி வைத்தார்.

ஆலப்புழைப் படகுத்துறையில் சர்க்கார் படகில் ஏறினேன். பஸ்ஸைப் போலவே கண்டக்டர், டிக்கெட், நிற்கிற இடம் எல்லாம் உண்டு, ஓடுவதுதான் தண்ணீரில். அரை மணி நேரம் கழிந்ததும் ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. நான் படகில் மேலே உட்கார்ந்திருக்கிறேன். கரைக்கு அந்தப் பக்கம் நெற்பயிர் எனக்குக் கீழே நிற்கிறது! பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில் ஆகிய நதிகள் வேம்பநாட்டுக் காயலை நோக்கி வருகிற இந்தக் குட்டநாட்டில், கடல் மட்டத்துக்கு இரண்டு மீட்டர் தாழ்வான இடத்தில்கூட நெல் விளைகிறது. வரப்பு கட்டி, தண்ணீரை இறைத்து வெளியே தள்ளி, சேற்றில் விதைக்கிறார்கள். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 2013-ல் இந்தச் சாகுபடியை உலகம் போற்ற வேண்டிய விவசாய மரபுகளில் ஒன்றாகச் சேர்த்துக் கொண்டது.

ஊர்ப் பெயரை நான் சொல்லப் போவதில்லை. பேரம் நடக்கிற சமயம். என்னால் விலை ஏறினாலும் பழி, இறங்கினாலும் பழி.

படித்துறையில் வந்து நின்று என்னை அழைத்துப் போன அம்மைக்கு எழுபத்தெட்டு வயது. முண்டும் நேரியதும் உடுத்து, நெற்றியில் சந்தனம் இட்டிருந்தார். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். "சூக்ஷிக்கணும், மோனே, படி வழுக்கும்" என்று முதல் வார்த்தையிலேயே என்னை இரண்டாம் வகுப்புக்கு இறக்கிவிட்டார்.

தஞ்சாவூர்ப் பக்கத்து முற்றம் வைத்த வீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? அதற்கு இந்த நாலுகெட்டு ஒன்றுவிட்ட சகோதரி என்று வைத்துக் கொள்ளுங்கள். முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் நான்கு கட்டுக்கள்: வடக்கினி, தெக்கினி, கிழக்கினி, படிஞ்ஞாற்றினி. திசையைச் சொன்னால் அறையைச் சொன்ன மாதிரி. ஆனால் சுவரைத் தட்டிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். 'டொக் டொக்' என்கிறது, எல்லாம் மரம்! கீழே இருப்பது சேற்று மண். கல்லும் காரையுமாகக் கனத்தை ஏற்றினால் வீடு புதைந்து போகும். ஆகையால் ஆஞ்ஞிலி மரப் பலகைகளை வரிசை வரிசையாகக் கோத்துச் சுவராக நிறுத்தியிருக்கிறார்கள். நெல் சேமிக்கிற அறையும் அப்படியே ஒரு மரப்பெட்டி. 'அறையும் நிரையும்' என்று இத்தகைய வீட்டுக்குப் பெயர். ஓணத்தை ஒட்டி அம்பு மாதிரி பாய்கிற பாம்புப் படகுகள் இருக்கின்றனவே, அவையும் இதே ஆஞ்ஞிலியில் செய்தவைதான். வீடும் படகும் ஒரு தாய் மக்கள்!

அன்றைக்கு என்னோடு ஓர் ஆசாரியும் வந்திருந்தார். நான் வீட்டைப் பார்க்க வந்தவன். அவர் மரத்தைப் பார்க்க வந்தவர். உத்தரத்தைத் தடவினார், தூணை முழங்கையால் அளந்தார், பலகையை முகர்ந்துகூடப் பார்த்தார். "இதில் ஓர் இரும்பு ஆணி கிடையாது, சாரே. எல்லாம் கொளுத்து, மர முளை. முளையைத் தட்டி எடுத்தால் முழு வீடும் பூ மாதிரி கழன்று வரும்" என்றார். ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் போட்டுப் பிரித்து, வள்ளத்தில் ஏற்றி, வேறு எங்கே வேண்டுமானாலும் நிறுத்திவிடலாமாம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்தச் சாமர்த்தியத்தால் இந்த வீடு இத்தனை வெள்ளத்துக்குத் தாக்குப் பிடித்து நின்றதோ, அந்தச் சாமர்த்தியமே இப்போது அதைத் தூக்கிக் கொண்டு போக வசதி செய்து கொடுக்கிறது!

இந்த வீட்டுக்கு இரண்டு விலை இருக்கிறது என்பது அப்புறம்தான் புரிந்தது. நிலத்தோடு, நிற்கிற வீடாகக் கேட்டால் ஒரு விலை. மரமாகக் கேட்டால் அதைவிடக் கூடுதல் விலை! கார் வருவதற்குப் பாதை இல்லை. சுற்றிலும் வயல், 2008-ம் வருஷத்துச் சட்டப்படி அதை நிரப்பவும் முடியாது. ஆகவே நிலத்தைச் சீந்துவாரில்லை. மரத்துக்கோ உல்லாச விடுதிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். 1990-களில் குமரகத்தில் 'கோகனட் லகூன்' விடுதியைப் பழைய தறவாடுகளைப் பிரித்துக் கொண்டு வந்து நிறுத்தித்தான் அமைத்தார்கள். அதைப் பார்த்துப் பிறரும் ஆரம்பித்தார்கள். விடுதி எடுக்காத வீடு துண்டு துண்டாகப் போகிறது: தூண் ஓரிடம், கதவு ஓரிடம், பித்தளைப் பூட்டு மட்டாஞ்சேரிக் கடைக்கு. 'மணிச்சித்திரத்தாழ்' என்பது அந்தப் பூட்டின் பெயர்தான். 1993-ல் அந்தப் பெயரில் வந்த படத்தைத்தான் 2005-ல் தமிழில் 'சந்திரமுகி' என்று பார்த்து நாம் பயந்தோம்.

எதற்காக விற்க வேண்டும் என்று கேட்பீர்கள். அம்மையே சொல்லட்டும்.

"என் அம்மூம்மாவின் காலத்தில் இந்த வீட்டை விற்க யாராலும் முடியாது, மோனே. வீடு பெண்களின் வழியில் வந்தது; நிர்வாகம் மட்டும் மூத்த அம்மாவன் கையில். எல்லாரும் சம்மதித்தால் ஒழியப் பங்கு கிடையாது. தாத்தா ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் வந்து, விடியற்காலை தம் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாராம். புருஷன் விருந்தாளி, வீடு நம்முடையது."

அப்புறம் 1925-ல் திருவாங்கூர் நாயர் சட்டம் வந்தது. ஆளுக்கு ஆள் பங்கு கேட்கலாம் என்றது. இந்தக் குடும்பத்தில் வயல்களைப் பிரித்துக் கொண்டு வீட்டை மட்டும் பொதுவில் விட்டார்கள். 1970 ஜனவரி முதல் தேதி நிலச் சீர்திருத்தம் அமலுக்கு வந்து, குத்தகைக்கு விட்டிருந்த வயல்கள் உழுதவர்களுக்குப் போயின. (அதில் அம்மைக்கு வருத்தம் இல்லை. "சேற்றில் நின்றது அவர்கள்தானே" என்றார்.) நெல் வராத பத்தாயம் வெறும் பெட்டி ஆயிற்று. 1976 டிசம்பர் முதல் தேதி கேரளத்தில் கூட்டுக் குடும்ப முறையே சட்டப்படி ரத்தாயிற்று. பொது வீடு அன்றைக்கு ஒரே நாளில் இருக்கிற தலைகளுக்கெல்லாம் தனித் தனிப் பங்காக மாறிவிட்டது. தலைகள் பெருகின. இப்போது பத்திரத்தில் இருபத்து மூன்று கையெழுத்து வேண்டும். மஸ்கட்டில் நாலு பேர், பம்பாயில் ஆறு பேர், கானடாவில் இரண்டு பேர், அயனாவரத்தில் என் நண்பர். வீட்டில் குடியிருப்பவர் ஒருவர்.

"விற்றால் வருத்தமாக இருக்காதா, அம்மே?" என்று கேட்டேன். பத்திரிகைக்காரன் கேட்கிற அசட்டுக் கேள்வி.

"முற்றம் பெருக்க நீ வருவாயா?" என்றார்.

நான் வாயை மூடிக் கொண்டேன். பிறகு அவர் என்னைத் தெக்கினிக்கு அழைத்துச் சென்று, பலகைச் சுவரில் என் மார்பு உயரத்துக்கு ஓடுகிற சேற்றுக் கோட்டைக் காட்டினார். 2018 ஆகஸ்டு வெள்ளம்! குட்டநாடே காலியாயிற்று அப்போது. அம்மையையும் படகில் ஏற்றிக் கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது பத்தாயத்துக்குள் ஆற்று மீன் செத்துக் கிடந்ததாம். அந்தக் கோட்டுக்கு மேலே, மங்கலாக இன்னொரு கோடு. அது 1924 வெள்ளம். மலையாள வருஷம் 1099-ல் வந்ததால் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள். மரம் இரண்டையும் குடித்துவிட்டுக் காய்ந்து நிற்கிறது. ஆனால் கிழக்கு அஸ்திவாரம் இறங்கிவிட்டது. முற்றத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தேன். தானாகக் கிழக்கே உருண்டு போயிற்று.

வடமேற்கு மூலையில் இருந்த இருட்டறையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன அருமையான வேலைப்பாடு!" என்று ஆரம்பித்தேன். "அங்கேதான் எங்களை எல்லாம் பெற்றார்கள். ஜன்னல் பார்த்தாயா? கை நுழையாது. அந்த நாளில் பெண்களுக்கு வீடு உண்டு, வெளிச்சம் இல்லை" என்றார் அம்மை. எம். டி. வாசுதேவன் நாயர் 1958-ல் வெளியிட்ட 'நாலுகெட்டு' நாவலைப் பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் பாடம் சொன்னவராம். அதில் தறவாட்டிலிருந்து விரட்டப்பட்ட அப்புண்ணி, பணத்தோடு திரும்பி வந்து அதே வீட்டை விலைக்கு வாங்குகிறான். வாங்கிவிட்டு, இதை இடித்துவிட்டுக் காற்றும் வெளிச்சமும் வருகிற ஒரு சின்ன வீடு கட்ட வேண்டும் என்கிறான். "பையன்கள் எல்லாம் அவன் செய்தது சரி என்பார்கள். நானும் மார்க் போடுவேன். வீட்டுக்கு வந்து இந்தத் தூணில் சாய்ந்து கொண்டுதான் பேப்பர் திருத்துவேன்" என்று சிரித்தார்.

விற்பனையில் இன்னொரு சிக்கல்: தென்மேற்கு மூலையில் மரங்கள் அடர்ந்த சர்ப்பக்காவு. மரமாக வாங்குகிறவருக்கு நாகங்கள் வேண்டாம். அதற்கும் வழி இருக்கிறதாம். ஹரிப்பாட்டுக்கு அருகே மண்ணாறசாலை நாகராஜர் கோவில் இருக்கிறது. அங்கே பூஜைக்கு முதன்மை ஒரு பெண்மணிதான். காவைக் கைவிடுகிறவர்கள் அங்கே போய் நாகங்களை ஒப்படைத்துவிட்டு வருகிறார்கள். அம்மையிடம், "நாகங்களுக்கு டிரான்ஸ்பர் ஆர்டரா?" என்றேன். "பென்ஷன்" என்றார் பழைய வாத்தியாரம்மா.

என்னைக் கேட்டால், விடுதியோ, காட்சிசாலையோ, முழு வீடாக எங்கேயாவது நிற்பது கதவு வேறு, தூண் வேறாகப் போவதைவிட மேல். நம் முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவுக்குப் போனால் கோட்டயம் பக்கத்துப் புதுப்பள்ளியிலிருந்து பெயர்த்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு ஒன்று நிற்கிறது. குழந்தைகளோடு போய்ப் பாருங்கள். நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். நானும் திரும்பி வந்த பிறகு போனேன். அந்தத் திண்ணையில் உட்கார்ந்தபோது, காலை எங்கே தொங்கப் போடுவது என்றுதான் தெரியவில்லை.

மாலைப் படகு வருகிற சப்தம் கேட்டது. கட்டுரை வந்தால் பத்திரிகை அனுப்புகிறேன் என்று சொல்லி, விலாசம் கேட்டேன். அம்மை வீட்டின் பெயரையும் ஊரையும் மட்டும் சொன்னார். நான் எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினேன்.

"கதவு நம்பர்?"

"வேண்டாம். வீட்டுப் பெயர் போதும். தபால்காரனுக்குத் தெரியும்" என்றார். படியில் இறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது: "மோனே, ஓணத்துக்கு முன்னால் அனுப்பிவிடு."