பையன் முன்னால், விவரம் பின்னால்!

திருத்தணியில் ஒரு வீட்டில் தமிழ் பேசினால், பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். ஆங்கில வகுப்பில் மட்டும் இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் தடுமாறுவார்கள்.

'நேற்று வந்த பையன்' என்கிறது தமிழ். 'நின்ன வச்சின அப்பாயி' என்கிறது தெலுங்கு. இரண்டிலும் பையன் கடைசியில்தான் வருவான். ஆங்கிலத்திலோ 'தி பாய் ஹூ கேம் யெஸ்டர்டே'. பையன் முதலில், பிறகு 'ஹூ', அப்புறம்தான் விவரம்.

இந்தோனேசியப் பிள்ளைகளுக்கு இந்த வரிசை எளிது. அவர்களின் 'அனாக் யாங் தாதாங் கெமாரின்' அப்படியே ஆங்கில வரிசை. 'ஹூ'வின் இடத்தில் 'யாங்'. ஆனால், நேற்று வந்தாலும் நாளை வந்தாலும் அவர்களுக்கு 'தாதாங்'தான். அதனால் 'கம்', 'கேம்' மாற்றத்தில் சறுக்குவார்கள். வந்தான், வருவான் என்று பழகிய நம் பிள்ளைகளுக்கு அது புதிதல்ல.

ஆக, தடுமாற்றத்துக்குக் காரணம் தாய்மொழியின் வரிசை. மூளைக் குறைவு அல்ல. 1888-ல் இங்கே தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்து, திருத்தணியில் ஆரம்பக் கல்வி கற்ற ராதாகிருஷ்ணன், 1936-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியரானார்.

பிள்ளை திணறினால் திட்டாதீர்கள். "முதல்ல யாருன்னு சொல்லு, அப்புறம் 'ஹூ' போடு, மிச்சத்தைப் பின்னாடி சொல்லு" என்று தினம் இரண்டு வாக்கியம் சொல்ல வையுங்கள்.