ஒரே வேதையன், நாலு பதிவேடு

வேதாரண்யம் பக்கம் வேதையனுக்கும் வேதரத்தினத்துக்கும் பஞ்சமே இல்லை. வேதாரண்யேஸ்வரர் இருக்கும் ஊரில் பிள்ளைக்குப் பெயர் தேட யாரும் வெகுதூரம் போவதில்லை. ஒரு பேச்சுக்கு, முத்துசாமி மகன் வேதையன் என்ற விவசாயியை எடுத்துக்கொள்வோம். பட்டாவில் அவர் வெறும் 'வேதையன்'; அப்பா பெயர் பக்கத்துக் கட்டத்தில். ரேஷன் கார்டில் 'மு. வேதையன்'. வங்கி பாஸ்புக்கில் ஆங்கில இனிஷியல் முன்னால் நிற்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். நாலும் ஒரே ஆள்தான் என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கம்ப்யூட்டர் மட்டும் சொல்லாது.

அதைச் சொல்லவைக்கும் வேலைக்குத்தான் ஐ.டி. துறையில் டேட்டாபேஸ் இன்டக்ரேஷன் என்று பெயர். வெவ்வேறு துறைகள், வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நோக்கத்துக்காகச் சேர்த்துவைத்த தகவல்களை ஒன்றோடொன்று பேசவைப்பது. புதிதாக ஆப் செய்தவருக்குக் கிடைக்கும் கைதட்டல் இந்த வேலை செய்பவர்களுக்குக் கிடைக்காது. வேலை ஒழுங்காக நடந்தால் யாருக்கும் தெரியாது. சொதப்பினால்தான் ஊருக்கே தெரியும். ஆனால் இன்று டெல்டா விவசாயியின் கைக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி இவர்கள் எழுதும் நிரல்களைத் தாண்டித்தான் வருகிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை போட ஆன்லைன் பதிவு. பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் என்னும் சாகுபடிக் கணக்கு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் இந்தக் கரையில் ஏறித் தென்னையையும் மாவையும் சாய்த்துப்போட்ட பிறகு, நிவாரணம் வாங்கவும் நில ஆவணம், வங்கிக் கணக்கு எல்லாம் ஒத்துப்போக வேண்டியிருந்தது.

நிலப் பதிவேட்டின் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கவேண்டும். முன்பெல்லாம் இந்தப் பொருத்தம் பார்க்கும் வேலை கணக்குப்பிள்ளையின் தலைக்குள் நடந்தது. யார் நிலம் யாரிடம், எந்த அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்த அறிவை அவர் எப்படிப் பயன்படுத்தினார் என்பது வேறு கதை. 1980 நவம்பர் 14-இல் எம்.ஜி.ஆர். அரசு அவரைப் போன்ற பரம்பரை கிராம அதிகாரிகள் முறையை ஒழித்தது, பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் (வி.ஏ.ஓ.) வந்தார்கள். இதே காலத்தில், 1979 முதல் 1987 வரை, யு.டி.ஆர். எனப்படும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. 'யு.டி.ஆர். தப்பு' என்று தாலுகா ஆபீஸ் வாசலில் இன்றும் காதில் விழுகிறதே, அது அப்போது விழுந்த பிழைகளைத்தான் குறிக்கிறது. அந்தப் பிழைகளோடு சேர்த்துத்தான் பதிவேடு கம்ப்யூட்டருக்குள் ஏறியது. இப்போது வருவாய்த் துறைக்குத் 'தமிழ்நிலம்'. பதிவுத் துறைக்கு 2018-இல் 'ஸ்டார் 2.0' என்ற மென்பொருள் வந்தது. இரண்டையும் இணைத்ததால், உட்பிரிவு செய்யத் தேவையில்லாத கிரயங்களில் பத்திரம் பதிந்த கையோடு பட்டா பெயர் மாற முடிகிறது. இணைப்பு வேலையில் இதை நல்ல வெற்றி என்று தாராளமாகச் சொல்லலாம். பட்டாவே பிழையாக இருந்தால் என்ன ஆகும் என்று கேட்காதவரை.

உள்ளே இறங்கிப் பார்த்தால் வேலை எவ்வளவு பொடிப்பொடியானது என்று புரியும். புல எண் 11/2 என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்செல்லில் அதை அப்படியே தட்டினால் 'பிப்ரவரி 11' ஆகிவிடும். கம்ப்யூட்டர் அமெரிக்க வழக்கில் அமைந்திருந்தால் 'நவம்பர் 2'. 11/2அ என்றால் தப்பித்தது. கிராமம் கிராமமாக வரும் பட்டியலில் இப்படி நிலம் தேதியாக மாறிக் கிடப்பதைத் திரும்ப எடுப்பது ஒரு தனி வேலை.

தமிழ் எழுத்து இன்னொரு கூத்து. கோடியக்காடு என்று ஒரு பெயர். அதிலுள்ள 'கோ'வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வைக்கலாம். இரட்டைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. டேட்டாபேஸைக் கேட்டால் வேறு வேறு ஊர். ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று தெரியாதவர், கண்ணுக்குத் தெரியாத பிழையை ராத்திரி முழுக்கத் தேடுவார். இது யூனிகோடுக்குப் பிந்திய தொல்லை. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்குமுன் ஆளாளுக்கு ஒரு ஃபாண்ட். வானவில் ஃபாண்டில் தட்டிய பழைய ஃபைலை இன்று திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பைமேடு.

பெயர்ப் பொருத்தத்துக்கு உலகம் வைத்திருக்கும் பழைய கருவி சவுண்டெக்ஸ். 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மீதியை எண்ணாக்கும். நம் குணசேகரனைச் சிலர் ஆங்கிலத்தில் 'ஜி'யில் தொடங்குவார்கள், சிலர் 'கே'யில். சவுண்டெக்ஸ் ஒருவருக்கு ஜி522 என்றும் மற்றவருக்கு கே522 என்றும் சீட்டு எழுதிவிடும். எண் ஒன்றாக இருந்து என்ன பயன், ஆள் இரண்டாகிவிட்டாரே. 1969-இல் கனடாவின் ஃபெலிகி, சன்டர் என்ற இருவர் இதைவிடப் பக்குவமான வழி சொன்னார்கள். ஒவ்வொரு விவரமும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மதிப்பெண் போடு. மேலே இருந்தால் ஒரே ஆள், கீழே இருந்தால் வேறு ஆள். நடுவில் விழுவதை மனிதர் கையில் கொடு.

அந்த நடுப்பகுதியைத்தான் நம் அரசு மென்பொருள்கள் பெரும்பாலும் விழுங்கிவிடுகின்றன என்பது என் குற்றச்சாட்டு. 'பெயர் பொருந்தவில்லை' என்பது அடுத்த திரைக்குப் போவதற்குள் 'தகுதியில்லை' ஆகிவிடுகிறது. பிறகு வேதையன் இ-சேவை மையத்துக்கும் வங்கிக்கும் நடக்கவேண்டும்.

சரிபார்ப்பைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே சாட்சி இருக்கிறது. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டத்தில் 2020-இல் தமிழ்நாட்டில் மட்டும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்றோர் நுழைந்தது தெரியவந்தது. போன தொகை சுமார் 110 கோடி. லாகின், பாஸ்வேர்டு தரகர்கள் கைக்குப் போயிருந்தது, சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. நிலம் இருக்கிறதா என்று நிலப் பதிவேட்டைக் கேட்காமலே பணம் போகமுடிந்திருக்கிறது என்பதுதான் இணைப்பு வேலை செய்பவர்கள் கவனிக்கவேண்டிய இடம்.

இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ளத் தமிழ்நாட்டில் இடம் இல்லாமல் இல்லை. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998-இல் தொடங்கியது. 1999 சென்னைத் தமிழ் இணைய மாநாடு குறியேற்றத்தையும் விசைப்பலகையையும் அலசியது. அடுத்த ஆண்டு, தமிழ்க் கணிமைக்கான உத்தமம் அமைப்பு பிறந்தது. து. நித்யாவின் 'எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்' கணியம் இணையதளம் வழியாக இலவசமாகவே கிடைக்கிறது. வேதாரண்யத்துப் பாலிடெக்னிக் பையன் ஆங்கிலத்துக்குப் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. இத்தகைய குழுக்களின் கூட்டங்களுக்கு ஒரு வி.ஏ.ஓ.வையும் அழைத்து உட்காரவைக்கலாம். கூட்டுப் பட்டா என்றால் என்ன, செத்துப்போன தாத்தா பெயரிலேயே பட்டா ஏன் கிடக்கிறது என்று அரைமணி நேரம் அவர் பேசினால், டேட்டாபேஸ் டேபிள் வரையும்போது பாதிச் சிக்கல் தீரும்.

2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 2,817 கோடியில் டிஜிட்டல் வேளாண்மைத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025-இல் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்க ஊர் ஊராக முகாம் போட்டார்கள். (கோடியக்கரைக்கு வரும் பறவைகளுக்குப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே காலில் வளையம் மாட்டி எண் கொடுத்துவிட்டது. உள்ளான் பறவைக்கு இனிஷியல் தொல்லை கிடையாது.) ஒரே எண் வந்துவிட்டால் நாலு வேதையனும் ஒருவராவது சுலபம்.

ஆனால் அந்த எண்ணுக்கு அடிப்படை பட்டா. வேதாரண்யேஸ்வரர் கோயிலுக்கு இந்த வட்டாரத்தில் ஏராளமான நிலம். டெல்டா முழுக்கவே கோயில், மட நிலங்களைக் குத்தகைக்கு உழுபவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். பட்டா சாமி பேரில் இருக்கும். நாற்று விடுபவர், கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்திருப்பவர் வேறொருவர். பி.எம். கிசான் நில உடைமையாளருக்கு மட்டும் என்பதால் அவர் அங்கே கணக்கிலேயே வருவதில்லை. குத்தகை உரிமைப் பதிவுக்கு 1969-இலேயே தனிச் சட்டம் போட்டோம். சாகுபடி செய்பவர் பெயரை எழுத அடங்கலில் இடமும் உண்டு. பட்டாவோடு ஆதாரைப் பொருத்திய கையோடு, அடங்கலில் உள்ள அந்தப் பெயரையும் குத்தகைப் பதிவையும் பொருத்துவது தொழில்நுட்பத்தில் புதிய கஷ்டம் எதையும் கொண்டுவராது. எந்தப் பத்தியை முதன்மையாக வைப்பது என்று யாராவது கையெழுத்துப் போட்டு முடிவு செய்யவேண்டும். அது நிரல் எழுதுபவரின் மேசைக்கு வருவதே இல்லை.