முகாமுக்குப் பொறுப்பாளர் யார்?

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கிலே பெருமழை விடாது பொழியுங்கால் கெசல்கமு ஓயா பெருகும். மேட்டு லயங்களின் பின்புறத்து மண் கரையும். அவ்வேளை தோட்ட மக்கள் தம் காம்பராக்களைப் பூட்டிவிட்டுப் பாடசாலை மண்டபத்திலோ கோயிலிலோ தஞ்சம் புகுவர். பாயும் அரிசியும் எவ்வாறேனும் வந்து சேர்ந்துவிடும். நாட்கள் நீளும்போதுதான் கடினமான வினா எழுகின்றது: குடிநீருக்கும் மலசலகூடத்துக்கும் குப்பை அகற்றுதற்கும் பொறுப்பாளர் யார்?

கிராமத்திலாயின், பிரதேச சபை என விடை எளிதில் வரும். தோட்டத்திலோ அவ்விடைக்கு நெடுங்காலம் சட்டமே குறுக்கே நின்றது. 1937ஆம் ஆண்டுக் கிராமச் சபைச் சட்டத் திருத்தம் தோட்டத்து இந்தியத் தொழிலாளருக்கு வாக்குரிமையை மறுத்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. பின்னர் பிரசாவுரிமை பெற்று, வாக்களித்து உறுப்பினரைத் தெரிவு செய்த பின்னரும் முட்டுக்கட்டை நீங்கவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதைக் கட்டுப்படுத்தியது. வாக்குக் கேட்கச் சென்ற உறுப்பினர், வென்றபின் அதே லயத்துக்கு ஒரு குழாய் போட்டுக் கொடுக்க இயலாது நின்றார் என்பது விந்தையே!

2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. தோட்ட முகாமையோடு கலந்துபேசித் தீர்மானம் நிறைவேற்றி, பாதை, கிணறு முதலாய பொது வசதிகளைச் சபை செய்து கொடுக்கலாம் என்றாயிற்று. அக்காலத்திலேயே அம்பகமுவப் பிரதேச சபை பிரிக்கப்பட்டு, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய சபைகள் புதிதாகத் தோன்றின.

ஆயினும் தற்காலிக முகாம் நீடிப்பதற்கு நீர்க்குறை மாத்திரம் காரணமன்று. பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டம் மண்சரியும் இடமென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. போக இடமின்றி மக்கள் அங்கேயே இருந்தனர். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் மலை சரிந்தது. உயிர் தப்பியோருட் பலர், கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையொன்றிலே வதிந்து, ஏறத்தாழ ஈராண்டின் பின்னரே புதுவீடு கண்டனர்.

வீடு தாமதித்தமைக்கு நிலமே முதற்காரணம். 1972இலும் 1975இலும் அரசுடைமையாக்கப்பட்ட தோட்டங்களின் முகாமை 1992 முதல் கம்பனிகளிடம் சென்றது. பின்னர் நிலமும் நீண்டகாலக் குத்தகையாயிற்று. ஆகவே, பாதுகாப்பான மேட்டில் ஒரு துண்டு காணியை விடுவிப்பதற்கு அரசும் கம்பனியும் இணங்குதல் வேண்டும். பாடசாலை முகாமாகியிருக்கும் நாட்களில் அங்கு பாடமும் நடவாது. குடும்பமும் செவ்வனே நடவாது. அவ்விணக்கம் கிட்டும்வரை பிரதேச சபையால் அனுப்ப இயல்வது தண்ணீர் பவுசர் ஒன்றையே.