கஞ்சா கொடுத்தால் மறதி நோய் தீருமா?

இரவு மணி 2. ஊர் அடங்கிவிட்டது. ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிகிறது.

அந்த வீட்டு அப்பத்தா வாசல் கதவைப் பிடித்து ஆட்டுகிறார். "எங்க வீட்டுக்குப் போகணும். கதவைத் திற" என்கிறார். அது அவருடைய வீடுதான்! 50 ஆண்டு வாழ்ந்த வீடு! ஓடிவந்த மகனைப் பார்த்து, "நீ யாரப்பா?" என்று கேட்கிறார். மருமகள் கையைப் பிடித்தால் அடிக்க வருகிறார்.

மதுரை நகரிலும் இப்படிப்பட்ட வீடுகள் உண்டு. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களிலும் உண்டு. இந்த வீடுகளுக்கு வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்லுவார்கள். "கொஞ்சம் கஞ்சாவைப் பாலில் கலந்து கொடு தாயி. விடிய விடியத் தூங்குவாக" என்பார் ஒருவர். "வெளிநாட்டிலே டாக்டருங்களே கொடுக்கிறாங்களாம்" என்பார் இன்னொருவர்.

பல நாள் தூக்கம் இழந்த மருமகளுக்கு, "கொடுத்துத்தான் பார்ப்போமே" என்று தோன்றும். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால், கொடுக்கலாமா? கொடுத்தால் குணம் ஆகுமா?

பைத்தியம் அல்ல, நோய்

முதலில் நோயைத் தெரிந்துகொள்ளுவோம். இது பைத்தியம் அல்ல. பேயும் அல்ல. வயதானால் எல்லோருக்கும் வருகிற சாதாரண மறதியும் அல்ல. மூளையில் உள்ள நரம்பு அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதால் வருவது. டாக்டர்கள் இதை "டிமென்சியா" என்கிறார்கள். இதில் பல வகை உண்டு. அதிகம் பேருக்கு வருவது "அல்சைமர்" நோய். அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மனி டாக்டர் 1906-ம் ஆண்டில் இதை எடுத்துச் சொன்னார். அதனால் அவர் பெயரே நோய்க்கும் வந்தது.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக, 2023-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. அதாவது, 100 முதியவர்களில் 7 பேருக்கு மேல்!

கஞ்சா மருந்தா?

"கஞ்சாவில் மருந்துக் குணம் உண்டு" என்பது புதுச் செய்தி அல்ல. சித்த வைத்தியத்தில் அதற்கு இடம் உண்டு. ஆனால் எந்தப் பட்டியலில் தெரியுமா? அரசாங்கத்தின் மருந்து விதிகளில், சித்த மருந்துக்குச் சேர்க்கும் நச்சுச் சரக்குகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. எட்டி, அலரியோடு கஞ்சாவும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. இத்தகைய சரக்கு சேர்ந்த மருந்தை வைத்தியர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்பது விதி.

1839-ல் கல்கத்தாவில் இருந்த ஓஷானசி என்ற டாக்டர், கஞ்சாவை முதலில் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பிறகு வலிப்பு, வாதம் கண்டவர்களுக்குக் கொடுத்தார். 1964-ல் இஸ்ரேல் விஞ்ஞானி மெக்கூலமும் அவருடைய கூட்டாளியும், போதை தருகிற பொருளைச் செடியிலிருந்து தனியாகப் பிரித்து எடுத்தார்கள். அதன் சுருக்கப் பெயர் "டி.எச்.சி."

எலிக்குப் பலித்தது!

2017-ல் ஒரு செய்தி வந்தது. ஜெர்மனியில் பான் நகர விஞ்ஞானிகள், கிழட்டுச் சுண்டெலிகளுக்கு மிகக் குறைந்த அளவில் டி.எச்.சி. கொடுத்தார்கள். அந்த எலிகள், இளம் எலிகளைப் போலப் பழையபடி வழி கண்டுபிடித்தன!

"ஆகா, மருந்து கிடைத்துவிட்டது!" என்று பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் எலி வேறு, மனிதன் வேறு அல்லவா?

மனிதர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். நெதர்லாந்தில் 50 நோயாளிகளுக்குச் சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு டி.எச்.சி. மாத்திரை. மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. மூன்று வாரம் கொடுத்தார்கள். 2015-ல் முடிவு வந்தது. மருந்து சாப்பிட்டவர்களின் கோபமும் படபடப்பும், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அதிகமாகக் குறையவில்லை.

2019-ல் கனடாவில் வேறு முடிவு. அங்கே 39 பேருக்கு, கஞ்சாவைப் போல வேலை செய்கிற "நாபிலோன்" மாத்திரை கொடுத்தார்கள். படபடப்பு குறைந்தது. ஆனால் பலர் பகலிலும் மயங்கிக் கிடந்தார்கள். அமெரிக்காவில் 75 பேருக்கு "டிரோனாபினால்" மாத்திரை கொடுத்தார்கள். அங்கும் படபடப்பு குறைந்ததாக 2024-ல் அறிவித்தார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். குறைந்தது படபடப்புதான். போன நினைவு திரும்பியது என்று இந்தச் சோதனைகள் எதுவும் சொல்லவில்லை! 2021-ல் நிபுணர்கள் அதுவரை நடந்த நான்கு சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 126 பேர்தான். "நன்மை உண்டா, இல்லையா என்று இதைக் கொண்டு முடிவு சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டார்கள்.

மாத்திரை வேறு, பொட்டலம் வேறு

அந்தச் சோதனைகளில் கொடுத்தது, மில்லிகிராம் கணக்கில் அளந்து செய்த மாத்திரை. பக்கத்தில் டாக்டர் இருந்தார். இரத்த அழுத்தத்தைப் பார்த்தார். தெருவில் கிடைக்கும் பொட்டலத்தில் டி.எச்.சி. எவ்வளவு? என்ன கலப்படம்? விற்றவனுக்கே தெரியாது!

கஞ்சா தலையைச் சுற்ற வைக்கும். நெஞ்சு படபடக்கும். எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் இறங்கலாம். கிழவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், பிறகு படுக்கைதான். ஏற்கெனவே குழம்பிய மூளை இன்னும் குழம்பும். இல்லாத ஆள் நிற்பதுபோலத் தோன்றிப் பயந்து அலறுவார்கள். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளோடு சேர்ந்து கெடுதலும் செய்யும்.

இன்னொன்று. பாலில் கலந்து கொடுத்தால், அவருக்கு என்ன கொடுத்தோம் என்று அவருக்கே தெரியாது. "எனக்கு என்னமோ செய்கிறது" என்று சொல்லவும் தெரியாது.

சட்டமும் சும்மா விடாது. 1985-ம் ஆண்டுப் போதைப் பொருள் சட்டப்படி, சிறு பொட்டலம் வைத்திருந்தாலே ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். "பாட்டிக்காக வாங்கினேன்" என்றாலும் வழக்கு வழக்குதான். இந்த வழக்குகளுக்கு என்றே மதுரையில் தனிக் கோர்ட்டு இருக்கிறது.

அது வலியாக இருந்தால்?

அப்படியானால், கத்துகிறவரை எப்படி அமைதிப்படுத்துவது?

நார்வே நாட்டில் நடந்த ஒரு சோதனை இதற்கு வழி காட்டுகிறது. முதியோர் இல்லங்களில், மறதி நோயோடு ஓயாமல் கத்துகிற, அடிக்கிற 352 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு, "உடம்பில் வலி இருக்கிறதா?" என்று பார்த்து, வலிக்கு முறையாக மருந்து கொடுத்தார்கள். பெரும்பாலோருக்குக் கொடுத்தது என்ன தெரியுமா? சாதாரண பாராசிட்டமால்! 8 வாரத்தில் அவர்களுடைய படபடப்பு நன்றாகக் குறைந்தது. 2011-ல் இது வெளியாயிற்று.

மூட்டு வலிக்கிறது. அதைச் சொல்ல வார்த்தை வரவில்லை. அதனால் அடிக்கிறார்! இது நமக்குப் புரிய வேண்டும்.

என்ன செய்யலாம்?

முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். மதுரைப் பெரியாஸ்பத்திரியான அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் நரம்பியல் பிரிவும், மனநலப் பிரிவும் இருக்கின்றன. தைராய்டு கோளாறு, பி-12 வைட்டமின் குறைவு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு. நேற்று வரை நன்றாக இருந்தவர் திடீரென்று உளறினால், சிறுநீரில் நோய்க் கிருமி இருக்கலாம். உடனே காட்ட வேண்டும். தூக்கத்துக்கு மருந்து வேண்டுமானாலும், சித்த மருந்து கொடுக்க நினைத்தாலும், பட்டம் பெற்ற டாக்டரையோ வைத்தியரையோ கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

பிறகு வீட்டைப் பாருங்கள். மலச்சிக்கலா? பசியா? காது கேட்கவில்லையா? இருட்டைக் கண்டு பயமா? இரவில் சிறு விளக்கு எரியட்டும். பகல் தூக்கத்தைக் குறையுங்கள். சாயங்காலம் தெருவில் கொஞ்ச தூரம் நடத்திக் கூட்டிப் போங்கள். பழைய பாட்டு போடுங்கள். "இது உன் வீடுதான்" என்று வாதாட வேண்டாம். "காலையில் போகலாம் அப்பத்தா, இப்போது தண்ணீர் குடிங்க" என்று சொல்லிப் பாருங்கள். சட்டையிலோ சேலை முந்தானையிலோ பெயரும் டெலிபோன் எண்ணும் எழுதி வையுங்கள். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் தவறிவிட்டால் அதுதான் உதவும்.

மனநல யோசனைக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567. இரண்டும் அரசாங்கம் நடத்தும் இலவச எண்கள்.

கடைசியாக ஒன்று. எல்லா இரவும் ஒரே மருமகள் விழித்திருந்தால், அவரும் நோயாளி ஆகிவிடுவார். மகன் இரண்டு நாள், மகள் இரண்டு நாள், பேரன் ஒரு நாள் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். விழித்திருக்கிறவர் நான்கு நாள் நிம்மதியாகத் தூங்கினால், பொட்டலத்தைத் தேடுகிற எண்ணமே வராது.

அப்பத்தாவுக்கு உங்கள் பெயர் மறந்திருக்கலாம். கையைப் பிடித்தால், அந்தக் கை அன்பான கை என்பது அவருக்குத் தெரியும்.