குருவைச் சோதித்த சீடர்

தியானம் பயில விரும்புவோர்க்கு இக்காலத்தில் ஆசிரியருக்குப் பஞ்சமில்லை. நம்பத் தகுந்தவருக்குத்தான் பஞ்சம். காசைத் தொட்டாலே உடல் கூசும் என்று சொல்லிவந்த ஸ்ரீராமகிருஷ்ண பரமஹம்ஸரின் வாக்கு மெய்தானா என்று அறிய விரும்பிய கல்லூரி மாணவர் நரேந்திரர், பிற்காலத்து விவேகானந்தர், தட்சிணேசுவரத்தில் அவர் அறையில் இல்லாத சமயம் பார்த்துப் படுக்கைக்கு அடியில் ஒரு ரூபாயை ஒளித்துவைத்தார் என்றும், திரும்பிவந்து அதில் அமர்ந்தவர் தேள் கொட்டியவர்போல் துள்ளி எழுந்தார் என்றும் சரித்திரம் எழுதியோர் கூறுகின்றனர். அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். என் மனத்தைக் கவர்வது, சோதித்த சீடர்மேல் பரமஹம்ஸர் சினம் கொள்ளவில்லை என்பதே. ஐயம் எழுப்பியவனைத் துரோகி என்று தூற்றும் இன்றைய கூட்டங்களுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

பணவிஷயத்திலும் உதாரணம் உண்டு. பர்மாவில் ஊ பா கின்னிடம் பயின்று 1969-இல் இந்தியாவில் விபாசனா என்னும் தியானமுறையைக் கற்பிக்கத் தொடங்கிய கோயங்காவின் 10 நாள் முகாம்களில் கட்டணம் கிடையாது. பயிற்சியை முடித்தவரிடமே நன்கொடை பெறுகின்றனர். எனினும் பத்து நாள் மௌனம் எல்லோருக்கும் ஏற்றதன்று. மனநோய்க்குச் சிகிச்சை பெறுவோர் வைத்தியரைக் கலக்காமல் போகலாகாது.

ஆகவே ஓர் ஆசானிடம் சேருமுன் அவருடைய வரவு செலவைக் கூசாமல் கேளுங்கள். விலகிவந்த பழைய மாணவர் ஒருவரையாவது தேடிப்பிடித்துப் பேசுங்கள். வீட்டாரோடு உறவை முறித்துக்கொள்ளச் சொல்லும் ஆசானிடம் மறுநாள் போகாதீர்கள்.