சிரிப்புப் படக்கதையில் போரும் கடைத்தெருவும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சித்தூரில் உறவினர் வீட்டு விசேஷத்தை முடித்துக்கொண்டு நானும் என் பத்து வயது மகனும் திருப்பதிக்கு வண்டி ஏறினோம். பையன் கையில் ‘ப்ளூகோட் பட்டாளம்’ என்ற தமிழ்ப் படக்கதைப் புத்தகம். எதிர் இருக்கையில் ஒரு பெரியவர். வேலூர்ப் பக்கத்துக்காரர், ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“கொஞ்சம் குடுப்பா, பார்க்கிறேன்” என்று புத்தகத்தை வாங்கியவர், பாகாலா வரும் வரை திருப்பித் தரவில்லை. நடுநடுவே வாய்விட்டுச் சிரித்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “சிரிப்புப் புத்தகம்தான் தம்பி. ஆனா, பொய் இல்லை” என்றார்.

அந்த ஒரு சொல்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

செத்தது போல் விழும் குதிரை

இந்தக் கதை பெல்ஜியம் நாட்டில் 1968-ல் ‘ஸ்பிரூ’ என்ற வார இதழில் தொடங்கியது. எழுதியவர் ரவுல் கோவான். முதலில் படம் வரைந்த சால்வெரியுஸ் 1972-ல் காலமாக, அதன் பிறகு லாம்பில் வரைந்தார். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர்தான் களம். சுமார் ஆறு லட்சம் வீரர்கள் மாண்ட போர் அது.

கதையில் இரண்டு சிப்பாய்கள். ஒருவர் சார்ஜெண்ட், மெடலுக்கும் பதவி உயர்வுக்கும் உயிரையே கொடுப்பார். இன்னொருவர் கார்ப்பரல், எப்படியாவது தப்பி வீடு போய்ச் சேரவேண்டும் என்பதே அவர் கவலை. குதிரைப்படைக் கேப்டனுக்கோ தெரிந்த ஒரே உத்தரவு “பாய்ந்து தாக்கு!” என்பதுதான். உத்தரவு கிடைத்ததும் கார்ப்பரலின் குதிரை செத்தது போல் கீழே விழுந்துவிடும். எஜமானர் கொடுத்த பயிற்சி அப்படி! சிரித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டினால், பாய்ந்துபோன மற்றவர்கள் திரும்பி வரவில்லை என்பது தெரியும்.

ஸ்டேஷன் புத்தகக் கடைகளில் நம்மில் பலர் பார்த்திருக்கக்கூடிய ஆங்கிலக் ‘கமாண்டோ’ புத்தகங்கள் வேறு ரகம். 1961 முதல் வரும் அவற்றில் வீரன் எதிரியை வீழ்த்துவான், கதை முடியும். வீரத்தைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. இந்தப் பக்கத்திலிருந்து எத்தனையோ பிள்ளைகள் ராணுவத்துக்குப் போயிருக்கிறார்கள். ஆனால் உத்தரவு போடுபவர் ஒருவர், உயிரைக் கொடுப்பவர் வேறொருவர் என்பதைச் சிறுவனுக்கும் புரியும்படி சொல்வது இந்தச் சிரிப்புக் கதைதான்.

சிவகாசி செய்த உதவி

இவற்றைத் தமிழுக்குக் கொண்டுவந்த பெருமை சிவகாசியைச் சேரும். அங்கே 1972-ல் ‘இரும்புக்கை மாயாவி’யுடன் முத்து காமிக்ஸ் தொடங்கியது. 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. குறும்புக்கார கௌபாய் லக்கி லூக்கைத் தமிழ் பேச வைத்ததும் அவர்களே. எங்கள் வீட்டுக்குப் புத்தகம் தபாலில் வருகிறது.

நம்மைப் போல் பிழைப்புக்காக வந்தவர்களுக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு. பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கும் என் மகன், தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியது இந்தப் புத்தகங்களில்தான்.

லக்கி லூக்கின் வாயில் ஒரு காலத்தில் எப்போதும் சிகரெட் இருக்கும். அவரைப் படைத்த ஓவியர் மோரிஸ் 1983-ல் அதை எடுத்துவிட்டுப் புல் தண்டு ஒன்றை வைத்தார். அதற்காக உலக சுகாதார நிறுவனம் 1988-ல் அவரைக் கௌரவித்தது. பார்ப்பவர்களை ஆசைப்பட வைப்பதில் படத்துக்கு அவ்வளவு சக்தி.

கல் வாங்கலையோ கல்!

லக்கி லூக் கதைகள் பலவற்றை எழுதிய கோஸினி, ஓவியர் உடெர்ஸோவுடன் சேர்ந்து ‘ஆஸ்டெரிக்ஸ்’ கதைகளையும் எழுதினார். அதில் 1976-ல் வந்த ‘ஒபெலிக்ஸ் அண்ட் கோ’வை எனக்கு ஆங்கிலத்தில் படிக்கக் கொடுத்தவர் அலுவலக நண்பர் ஒருவர்.

ரோமாபுரியின் சீசரால் ஒரு சின்னக் கிராமத்தை அடக்க முடியவில்லை. படையால் ஆகாததைப் பணத்தால் சாதிக்கலாம் என்கிறார் ஓர் இளம் ஆலோசகர். அந்த ஊர் ஒபெலிக்ஸ் செதுக்கும் நெடுங்கற்களை நல்ல விலைக்கு வாங்குகிறார்கள். கல்லால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. ஆனாலும் விலை ஏற ஏற, ஊரே வேட்டையை விட்டுவிட்டுக் கல் செதுக்கப் போகிறது. பட்டும் பகட்டும் வருகின்றன, பொறாமையும் கூடவே வருகிறது.

ரோமில் கல் மலையாகக் குவிகிறது. விற்றாக வேண்டுமே! விளம்பரம் கிளம்புகிறது. பக்கத்து வீட்டுக்காரன் வயிறெரிய வேண்டுமா, கல் வாங்குங்கள் என்பதுதான் அதன் சாரம். மற்ற ஊர்க்காரர்களும் போட்டிக்குக் கல் செய்ய, விலை சரிந்து சீசரின் கஜானா காலியாகிறது.

அமெரிக்காவில் 1952-ல் ஹார்வி கர்ட்ஸ்மன் தொடங்கிய ‘மேட்’ இதழும் விளம்பரங்களைக் கேலி செய்தே பேர் வாங்கியது. விளம்பரக் காசே வாங்காமல் பல ஆண்டுகள் அது நடந்தது.

இந்தக் கல் கதையை வீட்டில் ஒருநாள் இரவு சொல்லிக்கொண்டிருந்தேன். மகன் கேட்டான்: “நம்ம வீட்டுல கல் எதுப்பா?” என் மனைவி ஒன்றும் பேசாமல் சுவரைப் பார்த்தாள். சுவரில் பெரிய டெலிவிஷன். பழையது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, எதிர் வீட்டில் வந்துவிட்டது என்பதற்காகத் தவணையில் வாங்கியது. இன்னும் பதினொரு தவணை பாக்கி. சம்பளத் தேதியில் முதலில் போவது அந்தப் பணம்தான். ஊரில் அம்மாவுக்கு அனுப்பும் தொகையை அதனால் குறைத்திருந்தேன்.

சீசரின் ஆலோசகர் எங்கள் வீட்டுக்கும் வந்துபோயிருக்கிறார்!

சண்டைக்குக் கூப்பிடுகிறவனும் சாமான் வாங்கக் கூப்பிடுகிறவனும் நம்மை யோசிக்க விடுவதில்லை. ஒரு நிமிஷம் நிறுத்திச் சிரிக்க வைத்து யோசிக்கச் சொல்கின்றன இந்தப் புத்தகங்கள். பிள்ளைகள் கையில் இவற்றைப் பார்த்தால், “பாடத்தைப் படி” என்று பிடுங்கிவிடாதீர்கள். அவர்கள் படித்து முடித்ததும் நீங்களும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.

அம்மாவுக்கு இந்த மாதம் முதல் பழைய தொகையே போகிறது. அடுத்த பண்டிகைக்கு வாங்க நினைத்திருந்த சோபா அதனால் கடையிலேயே இருக்கும்.